நான்கு படுக்கை வண்டி

லடாக்கின் குளிர்பாலைவனத்தைக் கேரவனில் சுற்றிவர நறுமுகை ஒரு திட்டம் கேட்டதும், வீட்டுச் சுவரிலிருந்த பேசும் உதவிப்பெட்டி ஐந்து பேரில் மாமனாரின் பெயரை நீக்கிவிட்டு நான்கு படுக்கை வண்டியைக் காட்டியது.

"அவர் வந்தால் குடும்பத்தின் மகிழ்ச்சி பாதியாகிவிடும்" என்றது.

கணவன் கொதித்தெழுவான் என்று நறுமுகை எதிர்பார்த்தாள். ஆதவனோ, "அதுவும் சரிதான். அப்பாவுக்கு அந்த உயரத்துல மூச்சு வாங்கும்" என்றபடி பெட்டியின் திரையில் 'சம்மதம்' என்று தட்டிவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சீ, நீயெல்லாம் ஒரு பிள்ளையா? மாமா வேண்டாம்னு இந்தப் பெட்டிகிட்ட யார் சொன்னா?"

பெட்டி பதிலுக்கு, சமையலறையில் பதிவான அவள் குரலையே ஒலிக்கவிட்டது: "இந்த மனுஷன் இருமுறதக் கேட்டாலே எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

வாசற்படியில் மாமனார் நின்றிருந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. பயணத்துக்கென்று காலையிலிருந்து அவரே கிளறிய புளிக்காய்ச்சல்.

"நல்லெண்ணெய் தாராளமா விட்டிருக்கேம்மா, பத்து நாளைக்குக் கெடாது. உப்பு போதுமா பாரு."

முட்டிக்கொண்டு வந்த இருமலைத் துண்டால் பொத்தி அடக்கியபடி ஒரு கரண்டி எடுத்து நீட்டினார்.

வாயில் வாங்கியது அவளுக்கு இறங்கவில்லை.