நான்காம் பிரதி

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அதைப் பற்றித்தான் அர்த்தநாரியின் எம்.ஏ. ஆய்வேடு. விரல்களின் பேச்சை அவனுக்குச் சொல்லித் தந்தவர் தரகர் செங்கோட்டையன். சுண்டு விரலை இரண்டு தரம் அழுத்தினால் 'இன்னும் ஒன்று சேர்' என்று அர்த்தம். போன ஆடியில் அவர் இறந்துபோனார்.

"ஆய்வேடுன்னா இன்னொருத்தன் போய்க் கேட்டுச் சரிபார்க்க முடியணும். செத்தவர்கிட்ட யாரு கேக்கறது?" என்று பேராசிரியர் அந்தப் பெயரை நீக்கச் சொல்லிவிட்டார். நன்றிப் பக்கத்தில் இருபத்துமூன்று தரகர்கள் மிஞ்சினார்கள்.

ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசி நாள் காலையில், பாலக்காட்டில் டைப்பிங் கடை வைத்திருந்த கௌலத் நான்கு பிரதிகளையும் நீட்டினாள். மூன்றில் இருபத்துமூன்று பெயர்கள். அடியிலிருந்த கார்பன் பிரதியில் மட்டும் இருபத்துநான்கு. கடைசிப் பெயர் செங்கோட்டையன்.

"ஏனுங்க, இதை எதுக்கு அடிச்சீங்க?"

"நாலு தாளையும் ஒண்ணா வெச்சுத்தானே அடிச்சேன். மேல விழாத எழுத்து கீழ எப்படி விழும்?"

நான்கும் ஒன்றுபோல இல்லாவிட்டால் கல்லூரியில் வாங்க மாட்டார்கள். கௌலத் பிளேடால் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்தாள்.

கோயமுத்தூர் பஸ்ஸில் சாரல் அடித்தது. அர்த்தநாரி பிரதிகளை மடியில் வைத்துத் துண்டால் மூடி, கையை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கஞ்சிக்கோடு தாண்டியதும் துண்டுக்கடியில் ஒரு கை அவன் சுண்டு விரலைப் பிடித்து, இரண்டு தரம் அழுத்தியது. பிறகு பதிலுக்காக, விடாமல் பிடித்திருந்தது.