குளியலறைக் கைப்பிடி

தினமும் காலையில் மரகதவல்லி குளியலறைச் சுவரிலிருந்த, கைவலுவை அளக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் காட்ட வேண்டும். பிடி தளர்ந்திருந்தால் முதியோர் இல்லத்திலிருந்து வண்டி வந்துவிடும். மாடி வீட்டு துரைராஜை அப்படித்தான் போன வாரம் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரமாட்டேன் என்று அவர் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

இன்று அவளுக்கு விரல்கள் மடங்கவே இல்லை. பதறிப்போய் எதிர்வீட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள்.

“எனக்குப் பதிலா நீ பிடிச்சிடும்மா. என்னை அங்க அனுப்பிடாதே.”

“மாட்டிக்கிட்டா என்ன ஆன்ட்டி பண்றது?” என்றபடியே ஜெசிந்தா கைப்பிடியை அழுத்திப் பிடித்தாள்.

கைப்பிடியில் பச்சை விளக்கு எரிந்தது. மரகதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அருமையான பிடி!” என்றது கைப்பிடி. “இனி உங்களுக்கு யார் உதவியும் தேவையில்லை. நீங்கள் விழுந்தால் ஆள் அனுப்பும் சேவை இன்றோடு நிறுத்தப்படுகிறது.”

ஜெசிந்தாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மரகதவல்லியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தாள்.

“சாயந்திரம் வந்துடுவேன் ஆன்ட்டி. பயப்படாதீங்க.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மத்தியானம் தாகத்தில் நாக்கு வறண்டது. தண்ணீர் சமையலறையில் இருந்தது. மரகதவல்லி ஒரு காலை மெல்லத் தரையில் வைத்துப் பார்த்தாள். உடனே மேலே இழுத்துக்கொண்டாள்.