நாத்தனார்

குடும்ப நல ஆலோசகரின் அறையில் எதிரே இரண்டு நாற்காலிகள்தான். கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் மருத்துவமனை ஃபைலை அணைத்தபடி சுவரோரம் நின்றாள்.

விவாகரத்துக்கு முன் கடைசி ஆலோசனை அது. இரண்டு பேரும் பிரிகிறோம் என்று சொல்லிவிட்டால் அடுத்த வாரம் தீர்ப்பு.

தீர்ப்பு வந்த அன்றே அண்ணன் கம்பெனியின் இன்சூரன்ஸிலிருந்து அண்ணி பெயர் போய்விடும். அண்ணிக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி.

அண்ணி என்பதெல்லாம் பேப்பரில்தான். ஒன்பது வருடமாக அவளும் நாத்தனாரும்தான் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் குடித்தனம் நடத்துகிறார்கள்.

நாத்தனாரின் அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் உண்டு. கணவன், பிள்ளை, பெற்றோர் தவிர யாரையும் சேர்க்க மாட்டார்களாம். தனியாக பாலிசி கேட்டதற்கு, பழுதான வால்வு என்றதும் எல்லா இன்சூரன்ஸ்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அண்ணன் கழுத்தை நீட்டினான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியமே வேலைக்குப் போன மாப்பிள்ளை அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

இப்போது அவனுக்கென்று ஒருத்தி இருக்கிறாள். எல்லாம் தெரிந்தும் இரண்டு வருடம் பொறுத்தவள். அவளுக்காகத்தான் ஆறு மாதம் முன்பு மனுப் போட்டார்கள். அப்போது வால்வு மாத்திரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று அண்ணனிடம் கேட்க நாத்தனாருக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? காரில் வரும்போது அவனும் டிராஃபிக்கைப் பற்றி மட்டும்தான் பேசினான்.

என்ன முடிவு என்று கேட்டார் ஆலோசகர்.

அண்ணனின் மடியில் செல்போன் அதிர்ந்தது. யார் என்று பார்த்தான். அணைத்தான்.

“பிரியறதா இல்ல மேடம். ஆறு மாசம் டைம் குடுங்க, சேர்ந்து வாழ்ந்து பாக்கறோம்.”

நாத்தனாருக்கு அவன் காலில் விழலாம் போல இருந்தது.

ஆலோசகர் முகம் மலர்ந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நாத்தனாரைப் பார்த்தார். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்த கண் அது. வந்ததிலிருந்து இந்தப் பெண் அண்ணியை விட்டுப் பார்வையை எடுக்காததை அவர் கவனித்திருந்தார்.

“இந்த ஆறு மாசமும் நீ இவங்க வீட்டுப் பக்கமே போகக் கூடாது. எங்க ஆளுங்க வந்து பாப்பாங்க. புருஷன் பொண்டாட்டிய தனியா விடும்மா.”

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் பக்கத்திலேயே ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கவைக்க, எழுப்ப, தலை சீவிவிட.

சரி மேடம் என்றாள் நாத்தனார்.

காலையிலிருந்து கல் மாதிரி உட்கார்ந்திருந்த அண்ணி அப்போதுதான் உடைந்து அழுதாள்.

ஆலோசகர் டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தீங்களா, பாசம் எங்கயும் போயிடல.”

ஆமாம் மேடம் என்றான் அண்ணன். அதில் பொய்யில்லை.