ஷூக்காரர் கையில் கட்டு

"இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தக் கட்டு?" என்றார் பயிற்சி மேடம்.

ஷூக்காரர் துணி சுற்றிய இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "எரிச்சல் அடங்கல மேடம். சுடுதண்ணி பட்டது லேசுல ஆற மாட்டேங்குது."

"நாளைக்கு டெஸ்ட். ரெண்டு கையும் மெஷின் மேல இல்லாம நான் எப்படிப் பாஸ் போடறது?"

அவர் ஒற்றைக் கையால் நூல் பிசிறு வெட்ட உட்கார்ந்துவிட்டார். சேர்ந்த அன்று எல்லோருக்கும் தையல் செய்முறைப் படம் போட்டுக் காட்டினார்கள். மறுநாள் கட்டோடு வந்தவர்தான், இதுவரை மெஷின் பக்கமே போகவில்லை.

கார் சீட்டுக்குத் தோலுறை தைக்கிற கம்பெனி அது. வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்து வேலை போனவர்களைச் சேர்த்துத் தொழில் பழக்கினால், பழகும் வரை பாதிச் சம்பளம் அரசாங்கம் தரும். டெஸ்டில் தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வந்த வழியே போகவேண்டியதுதான்.

ஆளுக்கொரு மூடிய ஆலையிலிருந்து வந்திருந்தார்கள். எந்தச் சரக்கு ஒருவர் வேலையைத் தின்றதோ, அதுவே அவருக்குப் பெயர். குடைக்காரர், பொம்மையக்கா, ஷூக்காரர்.

"இவருக்குக் கையில ஒண்ணுமில்ல, மனசுலதான். கம்ப்யூட்டர் மெஷினைப் பாத்தா உதறுது" என்று கண்ணடித்தார் குடைக்காரர்.

"சும்மா இருய்யா" என்று அதட்டிய பொம்மையக்கா, பையிலிருந்து களிம்பை எடுத்தாள். "கையக் காட்டுங்கண்ணே, நானே தடவி விடறேன்."

ஷூக்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவள் முகம் சுண்டிப்போனது.

மத்தியானம் மேடம் சுவரில் மறுபடி அந்தப் படத்தைப் போட்டார். மெஷினோடு கப்பலில் வந்த படம். முகம் தெரியாது, தோலை வளைவில் திருப்பித் தைக்கிற இரண்டு கைகள் மட்டும். படத்தில் பேசும் பாஷை ஒருவருக்கும் புரியாது, கை பேசுவது புரியும்.

"அந்த இடது கையப் பாருங்கப்பா" என்றார் குடைக்காரர். "சுண்டுவிரல் மட்டும் ஒட்டாம நட்டுக்கிட்டு நிக்குது. துரை டீ குடிக்கிறாராம்!"

அறையே சிரித்தது. பொம்மையக்கா சிரிக்கவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இந்த மாதிரிக் கைதான் நம்ம அடுப்ப அணைச்சுது. எங்க வீட்டுக்காரரு ஆலை மூடின அன்னைக்குப் படுத்தவரு, இன்னும் எந்திரிக்கல."

"அவங்களும் வயித்துக்குத்தானேம்மா செய்யறாங்க" என்று இழுத்தார் ஷூக்காரர். "எங்க ஆலைக்குக்கூட இந்த மெஷின் வந்த ஊர்ப் பசங்க வந்து தங்கி வேலை பழகினாங்க. நல்ல பசங்கதான்."

"பழகிட்டு வேலையையே தூக்கிட்டுப் போனாங்களா? பக்கத்துல உக்காரவெச்சுச் சொல்லிக் குடுத்தான் பாருங்க ஒரு புண்ணியவான், அவன் விரலத்தாண்ணே முதல்ல முறிக்கணும்!"

ஷூக்காரர் கைக்கட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். அதற்கப்புறம் சுவரைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் குடைக்காரர் தேறினார். பொம்மையக்காவின் தையல் வளைவில் லேசாகச் சுருங்கியிருந்தது. மேடம் தடவிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று தலையாட்டினார்.

அடுத்து ஷூக்காரர். மெஷின் முன்னால் உட்கார்ந்து வலது கையை மட்டும் மேலே வைத்தார்.

"கட்ட அவுருங்க."

அவர் வாசலைப் பார்த்தார். மேடம் பெருமூச்சு விட்டுத் திரும்பினார். "சரி, அடுத்த ஆள் வாங்க."

பொம்மையக்கா களிம்பும் கையுமாகக் குறுக்கே வந்து நின்றாள். "மேடம், கொஞ்சம் தவணை குடுங்க மேடம். பொண்ணு கடையில நின்னு சம்பாரிச்சுப் போடறதச் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. தட்டு முன்னால உக்காரவே கூசுதும்மான்னு எங்கிட்ட சொல்லி அழுதாரு. பாவம் மேடம் அவரு!"

அந்தப் பாவம்தான் ஷூக்காரருக்குத் தாங்கவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். துணி சுற்றுச் சுற்றாகக் கழன்று மடியில் விழுந்தது.

கொப்புளம் இல்லை. தழும்புகூட இல்லை.

"அடப்பாவி, அத்தனையும் நடிப்பா?" என்றார் குடைக்காரர்.

ஷூக்காரர் காதில் வாங்காமல் தோலை ஊசிக்கடியில் செருகி, மிதியை அழுத்தினார். வளைவு வந்தது. மெஷின் நிற்கவில்லை, கை தடுமாறவில்லை. ஒரு சுருக்கமில்லாமல் தோல் வழுக்கிக்கொண்டு திரும்பியது. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு ஒட்டாமல் தனியாக நட்டுக்கொண்டு நின்றது.

சிரிக்க வாய் திறந்த குடைக்காரர் அப்படியே மூடிக்கொண்டார். பொம்மையக்கா வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு அந்த விரலைப் பார்த்தாள். கையிலிருந்த களிம்பை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஷூக்காரர் நூலை அறுத்தார். தலை நிமிரவில்லை.

"ஞாபகத்துக்குன்னு சொல்லித்தாம்மா அந்தப் பசங்க என் கையப் படம் புடிச்சாங்க."