நியூஜெர்சித் தூக்கம்

அவனியாபுரத்தில் காலை மணி பதினொன்று. பெண் பார்க்க வந்த சித்தார்த், மலையாண்டி வீட்டு சோபாவில் தலை சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"எழுப்பாதீங்கண்ணே. நியூஜெர்சில இப்ப நடுராத்திரி. எம்மகன் உடம்பு இன்னும் அந்த ஊரு மணியிலதான் ஓடுது" என்றாள் அவன் அம்மா நாகஜோதி. மகனின் குறட்டைகூட அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"தம்பி எப்ப வந்தாப்ல?" என்றார் பெண்ணின் அப்பா மலையாண்டி.

"ஒரு மாசமாச்சு. ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. பொழுது சாஞ்சா குளிச்சுக் கிளம்பிருவான். விடிய விடிய சிநேகிதன் வீட்டுல பேசிட்டு வந்துதான் படுக்கிறான்."

காரை உதிர்ந்த சுவரையும், பக்கத்து வெல்டிங் பட்டறையின் இரைச்சலையும் நாகஜோதி முகம் சுளித்து அளந்தாள். விமான நிலையத்தை ஒட்டி மலையாண்டிக்கு அந்த மூன்று ஏக்கர் நிலம் மட்டும் இல்லாவிட்டால், இந்த வாசலில் அவள் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள்.

"பொண்ணு போட்டோவை அவன் பாக்கக்கூட இல்ல. நீ பாத்தாப் போதும்மான்னுட்டான்."

"எம்மக தம்பி போட்டோவைப் பாத்துச்சு தங்கச்சி. பாத்ததுமே, கட்டாயம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு."

நிற்காதா பின்னே? அமெரிக்கா என்றதும் நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். நாகஜோதி உதட்டைச் சுழித்தாள்.

மலையாண்டியின் மகள் ரோகிணி காபித் தட்டோடு வந்தாள்.

"ஏதோ கால் சென்டராமே? பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரி வேலை என்ன வேண்டிக்கெடக்கு? கல்யாணத்துக்கு முந்தி விட்டுறணும்" என்றாள் நாகஜோதி.

"கப்பலூர் பக்கம்தான் தங்கச்சி. இருபது பேருக்கு டீம் லீடரு" என்றார் மலையாண்டி.

ரோகிணி தூங்குகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்த ஊருக்குப் போனாலும் பத்துப் பதினஞ்சு நாள்ல உடம்பு அந்த ஊரு வெயிலுக்குப் பழகிரும் அத்தை. ஒரு மாசமெல்லாம் ஆகாது."

"மதுரையைத் தாண்டாத நீ, அமெரிக்கா போன உடம்பைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்குறியா?"

ரோகிணி தட்டை வைத்துவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

"சித்தார்த், பிரேக் முடிஞ்சு பத்து நிமிசமாச்சு."

அவன் விருட்டென்று எழுந்து விறைப்பாக நின்றான். கண்கூட முழுதாகத் திறந்திருக்கவில்லை.

"ஸாரி மேடம், இனிமே ஷிப்ட்ல தூங்க மாட்டேன்!"