உப்பு டப்பா மீதும் ஒரு சீட்டு

அவள் இந்த நாட்டுக்கு வந்த மறுநாளே கணவன் வீடெங்கும் சீட்டு ஒட்டினான். கதவு, குழாய், அலமாரி என எல்லாவற்றின் மேலும் இந்த ஊர் மொழியில் அதனதன் பெயர்.

“ஏங்க, உப்பு டப்பா மேலயுமா?”

“நாளைக்கு நான் பக்கத்துல இல்லைன்னா யார்கிட்ட போய் நிப்ப?”

ஊரிலிருந்து போனில் இதைக் கேட்ட அவள் அக்கா பெருமூச்சு விட்டாள். “குடுத்து வச்சவடி நீ. இங்கயும் ஒண்ணு இருக்கே, டீவியை விட்டு எழுந்திருக்காது.”

எட்டே மாதத்தில் அவள் இந்த ஊர் மொழித் தேர்வில் தேறினாள். சான்றிதழை அவனே பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டான்.

அவன் வெளியூர் போயிருந்த அன்று அவள் பெயருக்கு நீதிமன்றத் தபால் வந்தது. அகராதியைத் தொடாமலே முழுவதையும் படித்தாள். விவாகரத்து கேட்டிருந்தான். ‘மனைவிக்கு இனி யார் துணையும் தேவையில்லை’ என்று எழுதி, ஆதாரமாக அந்தச் சான்றிதழின் நகலை இணைத்திருந்தான்.