சபைத் தலைவரின் கையெழுத்து

“எழுதிக்கோம்மா. ‘அந்த நாட்டில் தேர்தல் கிடையாது, ஓட்டு கிடையாது. விஞ்ஞானிகள் சபை சொல்வதே சட்டம். அதனால் பசி இல்லை, சண்டை இல்லை.’”

மாமனார் மருதை முறுக்கைக் கடக்கென்று கடித்தபடி சொல்லச் சொல்ல, கலைமதி லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது ஸ்ரீரங்கத்து வீட்டில் உட்கார்ந்து நாவல் எழுதுகிறார்.

“கல்யாணத்தைக்கூட சபைதான் முடிவு பண்ணுமா மாமா?”

“பின்னே? உங்க ரெண்டு பேர் மாதிரி லவ் பண்ணிட்டு மாலையோட வந்து நிக்க முடியுமா?”

கலைமதிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் அது போய்விட்டது.

“‘குறையோடு பிறக்கும் குழந்தைகளைச் சபை ஒரு தீவுக்கு அனுப்பிவிடும். அங்கே எல்லா வசதியும் உண்டு. பெற்றவர்கள் அழக் கூடாது.’”

அவள் விரல்கள் நின்றுவிட்டன.

காலடியில் தேவதர்ஷினி டப்பா மூடி ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நாலு வயசு. இன்னும் ஒரு தடவைகூட ‘அம்மா’ என்று கூப்பிட்டதில்லை.

அலமாரியில் ஒரு ஃபாரம் இருந்தது. துவாக்குடி தாண்டி, இந்த மாதிரிக் குழந்தைகளுக்கான ஏதோ காப்பகமாம். அங்கேயே தங்கவைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். வாங்கிவந்தவன் அவள் கணவன் ஜெயக்குமார். “அப்பா விவரம் தெரிஞ்சவர். அவர் சரின்னு சொன்னா சேர்த்துடலாம்” என்றுவிட்டான். அந்த வீட்டில் மருதை சொல்வதே சட்டம்.

ஒரு வாரமாக அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இப்போது திறந்துவிட்டார்.

“அந்தத் தீவை மட்டும் எடுத்துடுங்க மாமா.”

“ஏன்?”

“உங்க சபையில பெத்தவ ஒருத்திகூட இல்லையா?”

“பெத்தவ அழுவாம்மா. அழுறவங்களைக் கேட்டா சட்டம் போட முடியுமா?”

“என் பொண்ணை எங்கயும் அனுப்ப மாட்டேன். யார் சொன்னாலும் சரி.”

ஞாயிற்றுக்கிழமைகூடப் பேத்தியோடு இருக்காத மனுஷர். “பல்லு சரியில்லை, தயிர்சாதத்தைக் குழைய மசிச்சு வைம்மா” என்பார். டப்பாவை வாங்கிக்கொண்டு, சிநேகிதரைப் பார்க்கப்போவதாகச் சொல்லி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். இவருக்கு எங்கே தெரியப்போகிறது பிள்ளைப் பாசம்?

மருதை எழுந்துபோய் அந்த ஃபாரத்தை எடுத்தார். கையெழுத்துப் போடத்தான் போகிறார்.

“கடைசி வரி பாக்கி இருக்கு. டைப் பண்ணும்மா.”

மாட்டேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

“‘சபைத் தலைவர் முதன்முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது தன் சொந்த மகளை. ஞாயிறுதோறும் யாருக்கும் தெரியாமல் அந்தத் தீவுக்கு அவர் படகு ஏறுவார், மசித்த தயிர்சாதத்தோடு.’”

கலைமதி நிமிர்ந்தாள். தட்டில் முறுக்குத் தூள்தான் மிச்சம்.

“மாமா... உங்க பல்லு நல்லாத்தானே இருக்கு?”

மருதை ஃபாரத்தை நாலாகக் கிழித்தார்.

“உன் புருஷனுக்கு ஒரு அக்கா இருக்காம்மா. ரஞ்சனி. அது அவனுக்கே தெரியாது. நாப்பத்தொரு வயசாச்சு, இன்னும் மென்னு சாப்பிடத் தெரியலை.”